ஒரு லிட்டர் தூரம்

செல்லக்கனிக்கு அன்று காலை காபியே இறங்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி தயாரிக்கும் கம்பெனியில் வைத்து, அத்தனை வேலைக்காரர்கள் முன்னிலையிலும் பெரியத்தான் ஐயாதுரை தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாரே, அதற்குக் குறித்த புதன்கிழமை விடிந்துவிட்டது. "ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்ல கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டு வாசலுக்கு அந்தக் கார் வந்து சேர்ந்துட்டா, இன்ஜின் இருந்துட்டுப் போகட்டும். வரலேன்னா அதைக் கழத்திட்டு டீசல் இன்ஜின்தான். பொறவு ஒருத்தரும் வாயைத் திறக்கப்பிடாது."

கம்பெனி அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. காரும் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது. அதனால் தம்பி காசிராஜன், செல்லக்கனியின் கணவர், வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அண்ணாச்சி முன்னால் அதிலிருந்து சத்தம் வந்திருக்காது.

கார் என்றால் ஏதோ ஒரு கார் இல்லை. ஜப்பான் இன்ஜின் போட்ட கறுப்புக் கான்டெஸா. மூன்று வருடத்துக்கு முன், தொண்ணூற்றிரண்டில், ஒரு மில் முதலாளியிடமிருந்து இரண்டாம் கையாக வந்தது. அதன் வேகத்தைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. மைலேஜைப் பற்றித்தான் காசிராஜனைத் தவிர எல்லோருக்கும் சந்தேகம். யார் கேட்டாலும் அவர் "லிட்டருக்குப் பன்னெண்டு" என்பார். எட்டுக்கு மேல் போனால் அதிசயம் என்று பக்கத்தில் உட்கார்ந்து வரும் செல்லக்கனிக்குத் தெரியும். முன்னால் ஒரு பஸ்ஸின் முதுகு தெரிந்தால் போதும், மனிதருக்குக் கால் சும்மா இருக்காது.

அப்படியும் அந்த இன்ஜின் போகக்கூடாது என்று ஒரு வாரமாக அவள் ஆண்டாளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். காரணத்தை ஆண்டாளிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

காசிராஜன் வீட்டில் பேசமாட்டார். கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் வீட்டுக்குள் அவர் பேசியதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். ஆனால் அந்தக் காரில் ஏறி, கதவைச் சாத்தி, இன்ஜின் மெல்ல முனக ஆரம்பித்துவிட்டால் வேறு மனிதராகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், பெருமாள் மலையடிவாரம் வரைக்கும் போய் வருவார்கள். மகளை ஆலங்குளத்தில் கட்டிக்கொடுக்க முடிவானது அந்தக் காரில்தான். "உன்னைப் பத்தாம் வகுப்போட நிறுத்தினது உங்கப்பா தப்பு. மேல படிக்க வைக்காதது என் தப்பு" என்று ஒருநாள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னதும் அந்தக் காரில்தான். டீசல் இன்ஜின் வந்தால் தடதடவென்று அது ஒன்றுதான் பேசும்.

வாசலில் எட்டிப் பார்த்தாள். காசிராஜன் காரிலிருந்து ஸ்டெப்னி டயரை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார். ஜாக்கி, ரப்பர் மிதியடிகள், பின்சீட்டுச் சாம்பல் கிண்ணம் எல்லாம் ஏற்கெனவே வாசலில் கிடந்தன. டேஷ்போர்டுப் பிள்ளையார் மட்டும் தப்பித்திருந்தார்.

"என்னங்க இது, வீடு காலி பண்ணுத மாதிரி?"

காசிராஜன் தலையை உயர்த்தாமல், "கனம்" என்றார். வீட்டு வாசல் இல்லையா, அவ்வளவுதான் வரும்.

நேற்று மாலையே அவர் டேங்கில் கிடந்த பெட்ரோல் முழுவதையும் டியூப் விட்டு உறிஞ்சிக் கேனில் எடுத்திருந்தார். டெஸ்டுக்குப் பாட்டில் பெட்ரோல் போதும், டேங்கில் கிடப்பது வீண் சுமை என்பது அவர் கணக்கு. கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும் என்று டார்ச் அடித்துக் காட்டியது செல்லக்கனிதான்.

எட்டு மணிக்குத் தெருமுனைப் பஞ்சு மார்க்கெட்டுக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனபோது மெக்கானிக் கருத்தப்பாண்டி காத்திருந்தான். அம்பாசிடரையும் ஃபியட்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றி மாட்டுகிறவன். ஒரு லிட்டர் பாட்டிலை பானெட்டுக்குள் கம்பி போட்டுக் கட்டினான். டேங்கிலிருந்து வரும் குழாயை பெட்ரோல் பம்பிலிருந்து பிடுங்கிவிட்டு, பாட்டிலிலிருந்து ஒரு டியூபை அங்கே சொருகினான். பாட்டில் தீர்ந்ததும் வண்டி நிற்கும். நின்ற இடம்தான் மைலேஜ். ஊரில் எல்லா வண்டிக்கும் இதுதான் பரீட்சை.

டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றையும் வைத்தான்.

"அது எதுக்குலே? அதுவும் கனம்தான்" என்றார் காசிராஜன்.

"வழியில நின்னா தள்ளிக்கிட்டா போவீய முதலாளி?"

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஐயாதுரை இதைக் கேட்டுச் சிரிக்காமல் முன்சீட்டில் ஏறினார். அவர் சிரித்து ஒரு மாதமாகிறது என்பது செல்லக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மாதத்தில் மூன்று முறை மதுரைக்குப் போய் வந்திருக்கிறார். நூல் விலை விசாரிக்க என்று சொன்னார். ஒரு பொட்டலம் நூல்கூட வரவில்லை. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றினார். பாதத்தில் வார் பதிந்த தடம் ஆழமாகத் தெரிந்தது.

"கால் என்ன பெரியத்தான், வீங்கின மாதிரி இருக்கு?"

"பஸ்ல தொங்கப்போட்டு வந்தேம்லா. நீ ஏறு தாயி."

பெரியத்தான் மனைவி, ஓரகத்தி சீனியம்மாளுக்குக் கொடுக்க வைத்திருந்த தூக்குச்சட்டியோடு பின்சீட்டில் ஏறினாள் செல்லக்கனி. உள்ளே பணியாரம். பக்கத்தில் கருத்தப்பாண்டி.

காசிராஜன் அன்று ஓட்டியதைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு லாரியை முந்தவில்லை. ஹாரன்கூட அடிக்கவில்லை, அதற்கும் பெட்ரோல் செலவாகுமோ என்று பயந்தவர் போல.

மொட்டமலைப் பக்கத்தில் ஆட்டுமந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது செல்லக்கனியின் முதுகுக்குப் பின்னால் ஏதோ சலசலத்தது.

நாலு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் ஊர் அது. காலிக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் தெருக்கோடியில் கேட்டாலும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிற காது அவளுடையது. இது அதே சத்தம். காருக்குள் ஏது குடம் என்று யோசிப்பதற்குள் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. சலசலப்பும் அடங்கியது.

கருத்தப்பாண்டி இறங்கி பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். பாட்டில் காலி. கிலோமீட்டர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கழித்தான்.

"அஞ்சே முக்கால்" என்றான், சாவுச் செய்தி சொல்லுகிறவன் குரலில்.

காசிராஜன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "பன்னெண்டு இல்லேன்னாலும்... ஒம்பதாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். காதோரம் சிவந்துவிட்டது. ஊரெல்லாம் பன்னிரண்டு பன்னிரண்டு என்று சொன்ன வாய்.

"விடுலே காசி. மதுரையில இருந்து டீசல் இன்ஜின் நேத்தே வந்து எங்க வீட்டு முத்தத்துல கிடக்கு. நாளைக்கே மாட்டிருவோம்" என்றார் ஐயாதுரை. ஜெயித்தவர் குரலாக இல்லை. களைத்துப்போன குரல்.

 செல்லக்கனிக்கு இனி ஞாயிற்றுக்கிழமை இல்லை. சலசலப்பு மட்டும் காதில் நின்றது.

"ஏ கருத்தப்பாண்டி, டேங்குக்குள்ள என்னமோ விழுந்துச்சுப்பா."

"டேங்க் காலிக்கா. ஒரு பொட்டு இல்ல. முதலாளியே எடுத்துட்டாக."

"அதான் சொல்லுதேன். நேத்து நான்தான் டார்ச் அடிச்சேன், ஒரு பொட்டு இல்ல. நெறஞ்ச டேங்கா இருந்தா எனக்கு இந்தச் சத்தம் கேட்டிருக்குமா? காலியா இருக்கப்போயித்தான் கேட்டுச்சு. அடியில திருகைக் கழத்திப் பாரு."

"அக்கா, பாட்டில்ல இருந்து பெட்ரோல் இன்ஜினுக்குப் போகுது. டேங்குக்கு எப்படிப் போவும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான மெக்கானிக்கு?"

ஐயாதுரை முன்சீட்டிலிருந்தே, "கழத்துலே. தாயி சும்மா சொல்லாது" என்றார்.

கருத்தப்பாண்டி ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்தான். "ஏதாச்சும் பாத்திரம் தாங்க" என்றான். செல்லக்கனி யோசிக்கவேயில்லை. பணியாரத்தை மூடியில் கவிழ்த்துவிட்டுத் தூக்குச்சட்டியை நீட்டினாள். திருகு கழன்றதும் எவர்சில்வர் சட்டியில் சர்ரென்று இறங்கியது பெட்ரோல். பாட்டிலில் ஊற்றிப் பார்த்தபோது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது.

நாலு பேரும் பாட்டிலையே பார்த்தார்கள்.

கருத்தப்பாண்டி பானெட்டுக்குள் தலையை விட்டுத் தேடினான். திடீரென்று தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டான். "கிழிஞ்சுது போ! முதலாளி, இந்த ஜப்பான் இன்ஜினுக்கு ரெட்டைக் குழாய். பம்ப் இழுத்தது போக மிஞ்சினது இந்தச் சின்னக் குழாய் வழியாத் திரும்ப டேங்குக்கே போயிருது. அம்பாசிடர்ல இது கிடையாது, ஃபியட்ல கிடையாது. நான் வர்ற வழியைப் பாட்டிலுக்கு மாத்தினேன். போற வழியை மாத்தலியே! பாட்டில் பெட்ரோல்ல பாதி எரிஞ்சிருக்கு, பாதி டேங்குக்குப் போயிருக்கு."

"அப்ப என் வண்டி குடிக்கலை!" காசிராஜன் குரல் உடைந்தது. "அண்ணாச்சி, குடிக்கலை அண்ணாச்சி!"

ஐயாதுரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்டிப்பான மனிதர்தான், ஆனால் தராசு சாய்ந்திருப்பது தெரிந்தும் நிறுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"சரி. அந்தக் குழாயையும் பாட்டிலுக்குள்ள விடு. மறுபடியும் பஞ்சு மார்க்கெட்ல இருந்து. ஒரு லிட்டர், எங்க வீட்டு வாசல். அதுல மாத்தமில்ல."

கேன் பெட்ரோலில் திரும்பிப் போனார்கள். போகும்போதே காசிராஜன் எழுபதைத் தொட்டுவிட்டார். செல்லக்கனி பின்னாலிருந்து, "என்னங்க, காலு" என்றாள். அவர் காலுக்குச் சந்தோஷம் வந்தாலும் ஆக்சிலேட்டர்தான், துக்கம் வந்தாலும் ஆக்சிலேட்டர்தான்.

பஞ்சு மார்க்கெட்டில் புதுப் பாட்டில் கட்டியாயிற்று. காசிராஜன் ஸ்டியரிங்கில் கை வைத்தார். குனிந்து ஆக்சிலேட்டரில் இருந்த தன் காலைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கி, பின்கதவுப் பக்கம் வந்து சாவியை நீட்டினார்.

"கனி, நீ ஓட்டு."

"ஏலே, என்ன பேசுத?" ஐயாதுரை திடுக்கிட்டார். "விளையாட்டா இது?"

செல்லக்கனி கைப்பையைத் திறந்தாள். எட்டு மாதமாகப் பட்டுச்சேலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த லைசென்ஸ், இன்று எதற்கோ பையில் வந்திருந்தது. எதற்கென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பெரியத்தானிடம் கொடுத்தாள்.

அவர் போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "மலையடிவாரத்துக்குப் பெருமாள் சேவிக்கப் போறோம்னு சொன்னது இதுக்குத்தானா?"

"சேவிச்சுட்டுத்தான் அண்ணாச்சி பழகினோம்" என்றார் காசிராஜன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். இருபது வருடம் கம்பெனித் தையல் மெஷினை மிதித்த கால் அது. ஊசி வேகம் கூடாமல், நூல் அறாமல், எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு மட்டும் அழுத்தத் தெரியும். டாப் கியர் போட்டு நாற்பதில் நிறுத்தினாள். முள் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

பஸ் முந்தியது. பால் வேன் முந்தியது. பின்சீட்டுக் காசிராஜன் பொறுத்துக்கொண்டார். பிறகு கேரியரில் வாழைத்தாரை வைத்துக்கொண்டு ஒரு மொபெட் முந்திப் போனது. போகிறவன் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு போனான். காசிராஜன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மொட்டமலை வந்தது. போனது.  கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது, "ஆண்டாளே, தாயே" என்று கருத்தப்பாண்டிகூட முனகினான்.

ஊர் நுழைவிலேயே மடவார்விளாகத்தில் பெரியத்தான் தெரு. வளைவில் திரும்பியதும் அவர் வீட்டு நீலக் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. செல்லக்கனி சிரித்தேவிட்டாள்.

அப்போது இன்ஜின் இருமியது. ஒரு முறை. இரண்டு முறை. அப்புறம் இல்லை.

வண்டி தானாக ஓடிய மட்டும் ஓடி, ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. நீலக் கதவுக்கு இன்னும் பத்து வீடு பாக்கி.

செல்லக்கனியால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டி, பிள்ளையார் இரண்டாகத் தெரிந்தார். முன்சீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பெரியத்தான் வெறுங்காலோடு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியைச் சுற்றிப் பின்னால் போனார்.

"தாயி, நியூட்ரல் போடு."

"பெரியத்தான்?"

"போடுன்னா போடேன். ஏலே காசி, இறங்கு. பாண்டி, நீயும் வா. கை குடுங்க." டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றினார். "ஒரு லிட்டர்ல வாசலுக்கு வரணும்னுதான சொன்னேன். கடைசிப் பத்து வீட்டுக்கு எப்படி வரணும்னு நான் சொல்லலியே."

கார் அசைந்தது. தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்க, மூன்று ஆண்கள் தள்ள, செல்லக்கனி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்து நீலக் கதவுக்கு நேராகப் பிரேக்கை மிதித்தாள்.

"வந்துட்டுதுலே!" என்றார் ஐயாதுரை. அவ்வளவுதான் வந்தது. மூச்சு இரைத்தது. சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார்.

கேனில் மிஞ்சியதை டேங்கில் ஊற்றிக் குழாய்களைப் பழையபடி மாட்ட, காசிராஜனும் கருத்தப்பாண்டியும் பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் தூக்குச்சட்டியோடு செல்லக்கனி வீட்டுக்குள் நுழைந்தாள்.

முற்றத்தில் சாக்கு போர்த்திய டீசல் இன்ஜின் கிடந்தது. அதன் பக்கத்து நாற்காலியில் பெரியத்தான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சீனியம்மாள் விசிறியோடு நின்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி தள்ளுத உடம்பா இது? டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க என்ன செய்யுதீய? ரத்தத்தைச் சுத்தம் பண்ண வாரத்துக்கு ரெண்டு மட்டம் மதுரைக்கு வரச் சொல்லியிருக்கு, இவுக என்னடான்னா..."

செல்லக்கனியைப் பார்த்ததும் விசிறி நின்றது.

"எனக்குத் தெரியாதே அக்கா" என்றாள் செல்லக்கனி. 

ஐயாதுரை கண்ணைத் திறந்தார். "ரெண்டு சிறுநீரகமும் மக்கர் பண்ணுது தாயி. போக வர நூத்தம்பது கிலோமீட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை. கம்பெனி வண்டியில, கம்பெனி பெட்ரோல்ல. அதுல பாதி காசி உழைப்புல்லா. என் உடம்புக்காக அவன் பங்கை எரிக்கணுமா? டீசல்னா பாதிச் செலவுல போயிரும்னு பார்த்தேன். வேற ஒண்ணுமில்ல."

ஒரு வாரமாக ஆண்டாளிடம் யாரை எதிர்த்து முறையிட்டோம் என்று நினைத்தபோது செல்லக்கனிக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த இன்ஜினைத் திருப்பி அனுப்பிருங்க பெரியத்தான். தடதடன்னு அதுல எப்படிப் போய்ட்டு வருவீய? நம்ம வண்டியில சத்தமே இருக்காது. வரும்போது பின்சீட்டுல சாஞ்சு தூங்கிரலாம். நான் ஓட்டுதேன். நாற்பதைத் தாண்ட மாட்டேன்."

அவர் அவள் தலையில் கை வைத்தார். "சரி. ஆனா காசிகிட்டச் சொல்லப்பிடாது. அப்பா செத்தப்போ அவன் ஒரு மாசம் சோறு திங்கலை, உனக்குத் தெரியும். நேரம் பார்த்து நானே சொல்லுதேன். வெள்ளிக்கிழமை மதுரையில மொத நாள். நான் சொல்லுத வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு உங்க அக்கா கையில அடிச்சுக் குடு."

சீனியம்மாள் கையை நீட்டினாள். செல்லக்கனி அடித்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது காசிராஜன் ஓட்டினார். கதவைச் சாத்தியதும் இன்ஜின் மெல்ல முனகியது. மனிதர் ஆரம்பித்துவிட்டார். மொபெட்காரன் திரும்பிப் பார்த்த பார்வை, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிய அழகு, தூக்குச்சட்டியில் இனிமேல் எதுவும் வைக்க முடியாது என்பது, எல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. பஞ்சு மார்க்கெட்டில் இறங்க வேண்டிய கருத்தப்பாண்டி பின்சீட்டில் தூங்கிப்போனான்.

"எங்க அண்ணாச்சி மாதிரி ஒரு ஆள் உண்டாட்டி? தோத்தவனைத் தள்ளிக் கொண்டாந்து ஜெயிக்க வச்சாரு பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன, நான் மட்டும் பேசிட்டு வாரேன். உன் பேச்சையே காணும்?"

இந்தக் காரில் அவளுக்குப் பேச்சு வராமல் போனது இதுதான் முதல் தடவை. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"வெள்ளிக்கிழமை பெரியத்தான் மதுரைக்குப் போகணுமாம். வண்டியை என்னை ஓட்டச் சொன்னாக."

"நூல் எடுக்கவா? அப்ப நானும் வாரேன்." காசிராஜன் முகமெல்லாம் சிரிப்பாக அவள் பக்கம் திரும்பினார். "மூணு பேரும் நாள் பூராப் பேசிக்கிட்டே போகலாம்லா!"